கட்டளவும் காமன் கூத்தும்

பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய ஒலிநாடாக்களைத் திரட்டிக் கணினியில் ஏற்றும் வேலையில் இளைஞர் சிலர் இறங்கியிருக்கின்றனர். பூணாகலை, அப்புத்தளை, தெமோதரை என்று வார இறுதிகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, தகரப் பெட்டிகளிலும் சாமிப்படத் தட்டின் பின்னாலும் கிடக்கும் கசெட்டுகளைக் கேட்டு வாங்கி வருகின்றனர். பாராட்டத்தக்க காரியம். ஆனால் அவர்களுக்குள் சில வாரங்களாக ஒரு தகராறு. ஒலியை இழப்பின்றிச் சுருக்கி வைக்கும் 'ஃபிளாக்' முறையில் 'பிளாக் சைஸ்' எனப்படும் கட்டளவை எவ்வளவாக வைப்பது என்பதே அத்தகராறு. மென்பொருள் தானாகத் தரும் 4096 போதும் என்கிறார் ஒருவர். 16384 என்று உயர்த்தினால் இடம் மிச்சமாகும் என்கிறார் இன்னொருவர். தப்பு போன்ற வாத்தியங்களுக்கு 1152 தான் பொருத்தம் என்று எங்கோ வாசித்து வந்திருக்கிறார் மூன்றாமவர். கடைசியில் மூவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டனர்.

4096 இலேயே விட்டுவிடுங்கள். இதுவே என் தீர்ப்பு. ஆனால் ஒரு வரித் தீர்ப்பை எந்தப் பஞ்சாயமும் ஏற்றுக்கொண்டதாக வரலாறு இல்லை. ஆகவே காரணங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் டொரொண்டோவிலும் கோத்தகிரியிலும் இதே போன்ற கசெட் பெட்டிகளுடன் உட்கார்ந்திருப்போர் பலர் என்பதால், அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கு எழுதுகிறேன்.

இந்தக் கசெட்டுகளில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். 1977 ஆம் ஆண்டு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர்தான் கசெட் ரேடியோ மலையக லயங்களுக்குள் ஓரளவு தாராளமாக நுழைந்தது. மத்திய கிழக்கிற்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த 'டூ இன் வன்' பெட்டி ஒரு லயத்தில் ஒருவரிடம் இருந்தால் போதும்; ஊரே அதைச் சுற்றி உட்காரும். சினிமாப் பாட்டுக் கசெட்டின் மேலேயே வீட்டுக் குரல்களைப் பதிந்துகொண்டனர். மாசி மாதத்துக் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், இழவு வீட்டு ஒப்பாரி, தாலாட்டு, திருவிழாத் தப்பு, தொழிற்சங்கக் கூட்டப் பேச்சு என்று கிடைத்ததெல்லாம் நாடாவில் ஏறியது. குரல் கடிதங்களும் உண்டு. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று மனிதரைப் பங்கு பிரித்தது. அக்காள் இங்கும் தங்கை நீலகிரியிலுமாகப் போன குடும்பங்கள் எத்தனையோ. எழுதப் படிக்கத் தெரியாத தாய் மகளுக்கு எழுதக்கூடிய ஒரே கடிதம் கசெட்டாகத்தான் இருந்தது.

சி.வி. வேலுப்பிள்ளையும் அவருக்குப் பின் சாரல்நாடனும் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றாமல் இருந்திருந்தால் நமக்கு இன்று சொற்கள்கூட மிஞ்சியிரா. அவர்களுடைய உழைப்புக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். எனினும் புத்தகத்தில் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. ஒப்பாரி சொல்லும் கிழவி எந்த இடத்தில் மூச்செடுத்தாள், எந்த இடத்தில் குரல் உடைந்தது, ரதி அழும்போது தப்பு எப்படி நடை மாறியது என்பதெல்லாம் நாடாவில் மட்டுமே உண்டு. அந்த நாடாக்கள் முப்பது, நாற்பது வயதைக் கடந்துவிட்டன. பெரும்பாலானவற்றை இன்னும் ஓரிரு தடவைதான் பத்திரமாக ஓட்ட முடியும். அப்படியானால் கணினியில் எழுதப்படும் கோப்பே இனி மூலம். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எந்த அமைப்பையும் தெரிவுசெய்ய வேண்டும்.

எம்.பி.3 வேண்டாம் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, நல்லது. மனிதச் செவிக்குக் கேளாது என்று தான் கருதுவதை எம்.பி.3 எறிந்துவிடுகிறது. பேருந்தில் பாட்டுக் கேட்க அது போதும். தேய்ந்த நாடாவின் இரைச்சலுக்குள் புதைந்திருக்கும் குரல் விடயத்தில், எது இரைச்சல், எது குரல் என்று தீர்மானிக்கும் உரிமையை ஓர் இயந்திரத்திடம் கொடுப்பது ஆபத்தானது. நாளை இதைவிடச் சிறந்த துப்புரவு முறை வரலாம். எறிந்ததை அன்று திரும்பப் பெற முடியாது.

ஃபிளாக் எதையும் எறிவதில்லை. ஜோஷ் கோல்சன் என்பவர் உருவாக்கிய இதன் முதலாவது முழுப் பதிப்பு 2001 ஜூலையில் வெளியாயிற்று. 2003 இல் சிஃப் அமைப்பு இதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. 2024 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 9639 என்ற இலக்கத்துடன் இணையத்தின் பொதுத் தரமாகவும் ஆவணப்படுத்தப்பட்டுவிட்டது. காப்புரிமைக் கட்டணம் இல்லை. விதிமுறை முழுவதும் எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. சுருக்கியதை விரித்தால் ஒரு பிட் கூட மாறாமல் பழைய ஒலி திரும்பும். பெரிய காப்பகங்கள் சுருக்காத வேவ் கோப்பையே மூலமாக வைத்திருக்கின்றன. வன்தட்டு வாங்கக் கைக்காசைப் போடும் நம் இளைஞர்களுக்கு ஃபிளாக் பொருத்தம். வேண்டும்போது அதே வேவ் ஒலியை மீட்டெடுத்துக்கொள்ளலாமே.

இனிக் கட்டளவுக்கு வருவோம். கணினி ஒலியை ஒரு நொடிக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ அளந்து எண்களாக எழுதுகிறது. ஒவ்வோர் அளவையும் ஒரு மாதிரி என்போம். ஃபிளாக் இந்த மாதிரிகளை நீண்ட ஆறாக அப்படியே விழுங்குவதில்லை. கட்டுக் கட்டாகப் பிரிக்கிறது. ஒரு கட்டுக்குள், முந்திய சில மாதிரிகளை வைத்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கும் ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடிக்கிறது. பின்னர் அந்தச் சூத்திரத்தையும், ஊகம் எவ்வளவு பிசகிற்று என்ற மிச்சத்தையும் மட்டும் எழுதிவைக்கிறது. மிச்சங்கள் சிறிய எண்களாக இருப்பதால் குறைந்த இடத்தில் அடங்குகின்றன. கட்டளவு என்பது ஒரு கட்டில் எத்தனை மாதிரிகள் என்பதே. விதிமுறைப்படி 16 தொடக்கம் 65,535 வரை வைக்கலாம்.

கொழுந்து நிறுவையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மலையில் எடுத்த கொழுந்தைச் சாக்கில் போட்டு நிறுக்கும்போது ஒவ்வொரு நிறுவையிலும் ஒரு கழிவு உண்டு. சாக்கின் எடை, ஈரத்தின் எடை என்று சில கிலோவை வெட்டிவிடுவார்கள். (அந்தக் கழிவு நியாயமானதா என்பது தனியான, நீண்ட வழக்கு, இன்றைக்கு அதைத் தொடவில்லை.) சின்னச் சின்னச் சாக்காகக் கட்டினால் கழிவு பல மடங்காகும். அதற்காக மலைபோல ஒரே சாக்காகக் கட்டினால், தளிரும் முற்றலும் ஒன்றாகக் கலந்து முழுவதையும் ஒரே தரமாக மதிக்க நேரும். நடுவில் வெக்கை ஏறி ஒரு பகுதி கறுத்தால் சாக்கு முழுவதுமே பழுது. ஃபிளாக் கட்டிலும் நிலைமை இதுதான். ஒவ்வொரு கட்டும் தன் தலைப்பையும் சூத்திரத்தையும் சரிபார்ப்பு எண்ணையும் தானே சுமக்கிறது. அதுதான் அதன் சாக்கு எடை.

கணக்குப் பார்ப்போம். 48,000 மாதிரி, 24 பிட், ஒற்றைத் தடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேர ஒலி சுருக்காத நிலையில் 518 மெகாபைட்டுக்குச் சற்று மேல். நாடா இரைச்சலோடு அது ஏறத்தாழ 60 வீதமாகச் சுருங்குகிறது என்று கொள்வோம், 311 மெகாபைட். சாதாரண அமைப்பில் ஒரு கட்டின் சாக்கு எடை உத்தேசமாக 50 பைட்டு வரும். கட்டளவு 4096 என்றால் ஒரு மணி நேரத்தில் சுமார் 42,200 கட்டுகள். சாக்கு எடை மொத்தம் 2.1 மெகாபைட். கட்டளவு 1152 என்றால் 1,50,000 கட்டுகள், 7.5 மெகாபைட். 192 என்று வைத்தால் 9,00,000 கட்டுகள்; 45 மெகாபைட் வெறும் சாக்குக்கே போய்விடும். மறுபக்கம் 16384 என்று உயர்த்தினால் சாக்கு எடை அரை மெகாபைட்டாகக் குறைகிறது. ஆக, 4096 இலிருந்து 16384 இற்குப் போவதால் சாக்குக் கணக்கில் மிச்சமாகக்கூடியது 311 இல் ஒன்றரை மெகாபைட். அரை வீதம்! அதிலும் ஒரு பகுதியை, நீண்ட கட்டுக்கு ஒரே சூத்திரம் சரியாகப் பொருந்தாமல் போவது தின்றுவிடும்.

நூறு கசெட் சேர்த்தாலும் இந்தச் சேமிப்பு அரைக் கசெட்டுக்கான இடம்தான். இதற்காக மூன்று பேர் மனஸ்தாபப்படுவது வீண்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கசெட்டில் மாறாமல் இருப்பது இரைச்சல். 'உஸ்' என்ற அந்த ஓசைக்கு முன்பின் தொடர்பு கிடையாது. அதை எந்தச் சூத்திரமும் ஊகிக்க முடியாது. 24 பிட்டில் பதியும்போது கோப்பின் பெரும்பகுதி அந்த ஊகிக்க முடியாத ஓசையின் எண்களே. கட்டைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் இரைச்சல் இரைச்சலாகவே இடம் பிடிக்கும். சுத்தமான ஸ்டூடியோப் பதிவில் கட்டளவால் சிறு வித்தியாசம் காண முடியலாம். கூரைத் தகரத்தில் மழை விழும் லயத்தில் பதிந்த ஒப்பாரியில் அதைத் தேடுவது பதரில் அரிசி தேடுவதே.

தப்புக்கு 1152 வேண்டும் என்ற தம்பியின் வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. காமன் கூத்தில் தப்பு வெறும் பின்னணி ஓசையாக நிற்பதில்லை. காமன் ஊன்றுவதற்கு ஓர் அடி, ரதி மதன் ஆட்டத்திற்கு ஓர் அடி, சிவன் நெற்றிக்கண் திறக்கும் கட்டத்திற்கு வேறோர் அடி. தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் தப்புத்தான், சாவுக்கு முன்னால் போனதும் தப்புத்தான். அடியைக் கேட்டே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் பெரியவர்கள். ஓர் அடியின் ஓசை சில மில்லிநொடிகளுக்குள் உச்சத்துக்குத் தாவுகிறது. 48,000 மாதிரியில் 4096 என்ற கட்டு 85 மில்லிநொடி நீளம்; 1152 என்றால் 24 மில்லிநொடி. அடி விழுவதற்கு முந்திய அமைதியும் அடியும் ஒரே கட்டுக்குள் வந்தால், ஒரே சூத்திரம் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும் என்பது அவருடைய கேள்வி.

ஃபிளாக்கை வடிவமைத்தவர் இதை எண்ணியே இருக்கிறார். கட்டு ஒன்றாக இருந்தாலும், ஊகத்தின் மிச்சத்தை எழுதும்போது அக்கட்டைச் சிறு பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் எத்தனை பிட் வேண்டும் என்பதை வேறுவேறாகத் தீர்மானிக்க இடமிருக்கிறது. மென்பொருளின் சாதாரண அமைப்பில் ஒரு கட்டை 32 பங்கு வரை பிரிக்கலாம். 4096 ஐ 32 ஆல் வகுத்தால் 128 மாதிரி. மூன்று மில்லிநொடிக்கும் குறைவு. தப்படி விழுந்த பங்குகளுக்கு மட்டும் கூடுதல் இடம், அமைதியான பங்குகளுக்குக் குறைந்த இடம். 1152 ஆல் கிடைக்கும் என்று அவர் நினைக்கும் நன்மையின் பெரும்பகுதி 4096 இற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் கிடைக்கும் சொற்பத்துக்காக மணிக்கு ஐந்து மெகாபைட் சாக்கு எடை கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எந்தக் கட்டளவை வைத்தாலும் தப்பின் ஓசை மாறாது. இழப்பற்ற முறை என்றால் அதுதான் பொருள். மாறுவது கோப்பின் பருமன் மட்டுமே. 1152 இல் தப்பு 'கணீர்' என்று கேட்கிறது என்று எவரேனும் சொன்னால், அவருடைய செவியைச் சந்தேகிக்க வேண்டாம், கற்பனையைச் சந்தேகியுங்கள்.

அளவைப் பெரிதாக்க வேண்டாம் என்பதற்குப் பருமனைவிட முக்கியமான வேறு இரண்டு காரணங்கள் உண்டு.

ஃபிளாக் விதிமுறைக்குள் 'சப்செட்' என்றொரு உள்வட்டம் இருக்கிறது. சிறிய நினைவகமுள்ள கருவிகளிலும் தடையின்றி ஓடக்கூடிய கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. 48,000 மாதிரியும் அதற்குக் குறைவானதுமான பதிவுகளுக்குக் கட்டளவு 4608 ஐத் தாண்டக்கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. (எம்.பி.3 இன் ஒரு சட்டகம் 1152 மாதிரி. அதன் நான்கு மடங்கு 4608. ஃபிளாக்கின் ஆரம்ப காலப் பதிப்புகள் இதையே இயல்பளவாக வைத்திருந்தன. பிறகுதான் 4096 ஆயிற்று.) 48,000 மாதிரிப் பதிவுக்கு 16384 என்று கேட்டால் மூல மென்பொருளே மறுக்கிறது. 'லாக்ஸ்' என்ற தெரிவைச் சேர்த்து, விதியைத் தளர்த்தச் சம்மதம் என்று கையொப்பம் இட்டால்தான் எழுதும். அப்படி எழுதிய கோப்பு கணினியில் ஓடலாம். வீட்டு ஒலிபெருக்கியில், வாகனத்தில், இன்னும் இருபது வருடம் கழித்து எவனோ ஒருவன் செய்யப்போகும் கருவியில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உள்வட்டத்துக்குள் நிற்கும் கோப்புக்கு அந்த உத்தரவாதத்தை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

பத்திரிகைக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. பாமினி எழுத்துருவை நினைத்துப் பாருங்கள். தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னரும் இலங்கைத் தமிழ் அச்சுலகம் பாமினியில் ஓடிற்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்திவைத்த ஏற்பாடு அது. அன்றைய தேவைக்கு அது கைகொடுத்தது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் கிடைப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். எத்தனை கட்டுரைகள், எத்தனை மரண அறிவித்தல்கள் அப்படிப் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கின்றன! மாற்றித் தரும் கருவிகள் இன்று இருக்கின்றன என்றாலும், மாற்றுவதற்கு யாரேனும் உட்கார வேண்டுமே. அரை வீத இடத்துக்காக இன்னொரு பாமினியை நாமே உண்டாக்குவானேன்?

மற்றக் காரணம் சேதம். வன்தட்டில் ஒரு பிட் கெட்டுப்போகிறது என்று வையுங்கள். வேவ் கோப்பில் அது ஒரு மாதிரியைக் கெடுக்கும். ஒரு 'டிக்' ஓசையோடு போய்விடும், அல்லது கேட்கவே கேட்காது. ஃபிளாக்கில் ஒரு கட்டுக்குள் எல்லாம் ஒன்றையொன்று பற்றி நிற்பதால் அந்தக் கட்டே பழுதாகும். ஆனால் அடுத்த கட்டு புதிதாகத் தொடங்குவதால் சேதம் அங்கேயே நின்றுவிடும். ஆக, கட்டளவு என்பது ஒரு பிட் கெட்டால் எவ்வளவு ஒலியை இழக்கச் சம்மதிக்கிறோம் என்பதன் அளவும் ஆகும். 48,000 மாதிரியில் 4096 என்றால் 85 மில்லிநொடி. ஓர் அசையின் பாதி. 16384 என்றால் 341 மில்லிநொடி, ஒரு சொல். 65,535 என்றால் ஒன்றேகால் நொடிக்கும் மேல். ஒப்பாரியில் ஒரு பெயரே போய்விடலாம்.

இந்த விடயத்தில் ஃபிளாக் வேவைவிட வலுவற்றது என்று ஒருவர் வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேவ் கோப்பு கெட்டுப்போனால் அது கெட்டுவிட்டது என்று உங்களுக்கு யார் சொல்வது? ஃபிளாக்கின் ஒவ்வொரு கட்டின் இறுதியிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறது. கோப்பின் தலைப்பில் முழு ஒலிக்குமான 128 பிட் எம்.டி.5 கைரேகை இருக்கிறது. ஒரே கட்டளையில் கோப்பைச் சோதித்து, நாம் வைத்த ஒலி அப்படியே இருக்கிறதா என்று அறிந்துகொள்ளலாம். கெட்டது தெரிந்தால் மற்றப் பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மற்றப் பிரதி இருந்தால்!

ஊவாவில் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த காலையை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் அலைக்கழிந்தது. ஆளைத் தேடும் நேரத்தில் எவரும் கசெட்டைத் தேடுவதில்லை, தேடவும் கூடாது. அதற்காகவே பிரதிகள் முன்கூட்டியே வேறு மலையில் இருக்க வேண்டும். ஒன்று பண்டாரவளையில், ஒன்று கொழும்பிலோ கண்டியிலோ, இன்னொன்று நாட்டுக்கு வெளியே. ஈழத்து, மலையகத் தமிழ் ஆவணங்களை 2005 இலிருந்து எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றிடம் பேசி ஒரு பிரதியை அங்கே ஒப்படைப்பது மிக நல்லது. கட்டளவு பற்றிச் சண்டையிட்ட வாரங்களில் இரண்டாவது வன்தட்டு வாங்கப்படவில்லை என்பதே என் மனக்குறை.

96,000 மாதிரியில் பதிபவர்களுக்கு மட்டும் ஒரு சிறு விதிவிலக்கு. அங்கே 4096 என்பது 43 மில்லிநொடியாகச் சுருங்கிவிடும். உள்வட்டமும் 16384 வரை அனுமதிக்கிறது. 8192 என்று வைத்து இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம், குறைந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அங்கும் இயல்பளவில் விட்டால் குடி முழுகாது. என் அபிப்பிராயத்தில் கசெட்டுக்கு 48,000 மாதிரியும் 24 பிட்டும் போதும். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் பழைய அனலொக் ஒலிக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வது இதைத்தான்.

உண்மையில் இடத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். ஒற்றை மைக்கில் பதிந்த கசெட்டை இரட்டைத் தடமாக ஏற்றினால் ஒரே குரல் இரண்டு இரைச்சல்களோடு பதிவாகிறது. ஃபிளாக் இரு தடங்களின் வேறுபாட்டை மட்டும் எழுத முயன்றாலும், இரைச்சல் வேறுவேறாக இருப்பதால் முழுப் பயன் கிட்டாது. நாடாவின் நிலையைப் பார்த்து, ஒற்றைத் தடமாக ஏற்றத் துணிந்தால் கோப்பு பாதிக்குக் கிட்டக் குறையும். சந்தேகமிருந்தால் இரண்டு தடத்தையும் வைத்திருங்கள். இடம் போனால் வாங்கலாம்.

தரத்தை உயர்த்த வேண்டுமென்றாலும் கட்டளவு அதற்கு இடமன்று. இசைத்தட்டுக் கடைக்காரர்கள் செய்ததுபோல, கசெட் இயந்திரத்தின் தலையைப் பஞ்சும் ஐசோப்ரோபைல் ஆல்ககோலும் கொண்டு துடையுங்கள். தலையின் சாய்வைக் கசெட்டுக்குக் கசெட் திருத்துங்கள். உச்ச ஓசை திடீரென்று தெளியும் இடமே சரியான இடம். வெள்ளைப் பூஞ்சணம் பூத்த நாடாவை அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். அந்தத் தூள் இயந்திரத்தில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் பரவும். இரைச்சலை நீக்கும் வித்தைகளைப் பிரதியில் செய்யுங்கள், மூலத்தில் செய்யாதீர்கள். ஃபிளாக்காக மாற்றும்போதே 'வெரிஃபை' தெரிவைப் போட்டால், எழுதியதை உடனே விரித்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு தடவையும் முடிந்தபின் ஒரு தடவையும் எல்லாப் பிரதிகளையும் சோதியுங்கள்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. மூவரும் அதைத் தள்ளிப்போட்டு வருகின்றனர். ஃபிளாக் கோப்புக்குள்ளேயே குறிப்புகள் எழுத இடமுண்டு. யுனிகோட் என்பதால் தமிழிலேயே எழுதலாம். இப்போது அவர்களுடைய கோப்புகளின் பெயர் 'டேப் 14 ஏ', 'டேப் 14 பி' என்று இருக்கிறது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருடத்து மாசி, ரதி வேடம் யாருக்கு, மதன் வேடம் யாருக்கு, தப்பு அடித்தவர் யார், கசெட்டைத் தந்த வீடு எது, அதை மற்றவர் கேட்க அந்த வீட்டார் சம்மதித்தார்களா என்பதையெல்லாம், கசெட்டை வாங்கும் அன்றே லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். ஒப்பாரியானால் யாருக்காகப் பாடியது என்றும் கேளுங்கள். அடித்தவர் பெயர் எவருக்கும் ஞாபகமில்லை என்றால் 'கேட்டோம், தெரியவில்லை' என்று எழுதுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டால், பிறகு வருபவர் அதைக் கேட்கவேயில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.